யாரும் சமைக்காத குசினியில் உப்பு

போன வருடம் ஒக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜேர்மனியில், எசன் நகரில் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம் போனால் ஒரு பழைய இரும்பாலை வரும். உலை அணைந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதை இடிக்காமல் அப்படியே வைத்து, பக்கத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த செங்கல் வீடுகளையும் திருத்தி, மியூசியமாக்கி ரிக்கற் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த வாசல் வரைக்கும் நான் பதினொரு வருடம் போய் வந்திருக்கிறேன். உள்ளே கால் வைத்தது அன்றைக்குத்தான்.

என் மனைவி அங்கே துப்புரவு வேலை செய்தாள். கிழமையில் இரண்டு நாள், மியூசியம் திறப்பதற்கு முன், காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. எனக்கு ஒரு உலோகத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஆறு மணிக்கு வேலை முடித்து வந்து, அவளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்திலேயே சீற்றைச் சாய்த்து நித்திரை கொள்வேன். வேலை முடிந்ததும் வந்து கண்ணாடியில் விரலால் தட்டுவாள். பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணீரை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம்.

அந்த வரிசை வீடுகளில் ஒன்றை அந்தக் காலத்துத் தளபாடங்களோடு வைத்திருந்தார்கள். அதை அவள் ‘என்ர வீடு’ என்றுதான் சொல்லுவாள். “இண்டைக்கு என்ர வீட்டு அடுப்பை மினுக்கினன்” என்பாள். யன்னல் சீலை தோய்க்கப் போட்டதையும், கதிரைக்காலில் தன் முழங்கால் இடித்ததையும் ஒன்று விடாமல் சொல்லுவாள். நான் அரை நித்திரையில் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு காரை ஓட்டுவேன்.

எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறாள். “இஞ்சாருங்கோ, ஒருக்கா உள்ள வந்து பாருங்கோவன். அஞ்சு நிமிசம்தான்.”

“கிழமை முழுக்க இரும்போடைதானே மாரடிக்கிறன். இதையும் வந்து பாக்க எனக்கென்ன விசரே?” என்று திரும்பிப் படுத்துவிடுவேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். அந்தச் சிரிப்பை நம்பி நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். ஐந்து மாதம்கூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சமைக்கப் பழகினேன். பழகினேன் என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல்தான். பருப்பும் சோறும், சிலவேளை ஒரு முட்டைப் பொரியல். ஒருநாள் பருப்புக்கு உப்புப் போடக் கரண்டியை விட்டால், போத்தலின் அடியில் டக்கென்று இடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். இருபத்தெட்டு வருடக் குடும்பத்தில் அந்தப் போத்தலின் அடியை நான் கண்டதே இல்லை. வீட்டில் உப்பு முடிந்துபோக அவள் ஒருநாளும் விட்டதில்லை, முடிந்தது என்ற சொல்லை வாயால் சொன்னதும் இல்லை. இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த நாளில், நானும் என் நண்பனும் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிப் படியில் மூச்சுவாங்க நிற்க, “பொறுங்கோ, முதலில உப்பும் மஞ்சளும் உள்ள போகட்டும்” என்று எங்களை அங்கேயே நிறுத்திவைத்தவள் அவள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தவீட்டில் அழாத அழுகையை, அந்த வெறும் உப்புப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

மகள் ஹம்பேர்க்கில் இருக்கிறாள். அந்த ஞாயிறு காலை போன் எடுத்து, “அப்பா, வீட்டுக்குள்ளயே கிடக்காதேங்கோ. எங்கயாவது வெளிக்கிட்டுப் போங்கோ” என்று ஏசினாள். எங்கே போவது என்று யோசிக்காமல்தான் வெளிக்கிட்டேன். பதினொரு வருடப் பழக்கம், கார் தானாகவே அந்த இரும்பாலை வாசலுக்குப் போய் நின்றது. வழக்கமான இடத்தில் நிறுத்தி, வழக்கம் போலச் சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். கண்ணாடியில் யாரும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் காத்துத்தான் பார்த்தேன்.

பிறகு இறங்கிப் போய் ரிக்கற் எடுத்தேன். அவளுடைய கை பட்ட பொருள் ஏதாவது ஒன்று உள்ளே மிஞ்சியிருக்காதா, அதை ஒருக்காக் கண்டுவிட்டால் போதும் என்றிருந்தது. வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

உலையைச் சுற்றி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். துருப்பிடித்த குழாய்கள், ஏணிகள், மேலே புகைபோக்கி. நான் அதில் நிற்காமல் வீடுகளைத் தேடிப் போனேன். ஒரே மாதிரியான சின்னச் சின்ன வீடுகள், முன்னால் ஒரு படி, பின்னால் கோவா போல மரக்கறி நட்ட ஒரு துண்டு நிலம். திறந்திருந்த வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு சோடி, என் சப்பாத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்ற வேண்டுமோ என்று முழுசிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் இது மியூசியம், வீடில்லை என்று எனக்கே உறைத்தது. என் காலுறையில் ஓட்டை வேறு, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. திரும்பிப் போய்ப் போட வெட்கப்பட்டு, அப்படியே குசினிக்குள் நுழைந்தேன்.

நிலக்கரி அடுப்பு, உட்கார ஒரு மர வாங்கு, மேசை, கதிரைகள், சுவரில் சாமான் அடுக்கும் ஒரு தட்டு. எல்லாம் அவள் சொன்ன மாதிரியே இருந்தன. அவள் முழங்கால் இடித்த கதிரை எது என்றுகூடத் தெரிந்தது. ஆனால் எதிலும் அவள் இல்லை. துடைத்துப் போகிறவர்களின் கை எங்கேயும் பதிவதில்லையே. வேலை நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போகிறேன் என்று திரும்பும்போதுதான் தட்டில் இருந்த தகரப் பேணிகளைக் கண்டேன். மா, சீனி, ரவை என்று ஜேர்மனில் எழுதி வரிசையாக அடுக்கியிருந்தது. கடைசிப் பேணி உப்பு.

முன்னால் கயிறு கட்டியிருந்தது. எப்படித் தாண்டினேன் என்று தெரியாது, கை பேணியின் மூடியைத் திறந்துவிட்டது. உள்ளே ஒரு கண்ணாடிப் போத்தல். எங்கள் வீட்டு ஊறுகாய்ப் போத்தல். அதன் மூடியில், சிவப்புப் பேனையால், அவளுடைய சாய்ந்த எழுத்தில் தமிழில் ‘உப்பு’ என்று எழுதியிருந்தது. போத்தலில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் உப்பு இருந்தது.

“ஒன்றையும் தொட வேண்டாம்!” பின்னால் ஜேர்மனில் ஒரு சத்தம். மியூசியத்துப் பணியாளர், ஏறக்குறைய என் வயதுப் பெண்மணி. நான் கையும் போத்தலுமாகக் கள்ளன் மாதிரி நின்றேன். “இது என் மனைவியின் எழுத்து” என்று மட்டும் சொன்னேன்.

அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இந்த வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரும் ஆளாக அவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். நீங்கள்தானா காரில் படுக்கிறவர்?”

அங்கே இருந்த எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது. குளிர்காலத்தில், அந்த மனிதரை உள்ளே கூப்பிடுங்கள், ஒரு கோப்பி குடிக்கட்டும் என்று இவர்கள் சொல்ல, அவர் விடிய விடிய மெஷினடியில் நின்றவர், நித்திரை கொள்ளட்டும் என்று என் மனைவி மறித்துவிடுவாளாம். நான் சொன்ன விசர்க் கதை ஒன்றையும் அவள் அங்கே சொல்லவில்லை. என் வறட்டுப் பிடிவாதத்தை அலுப்பு என்று சொல்லி மூடி வைத்திருக்கிறாள்.

உப்பின் கதையையும் அவர்தான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, அடுப்பு இருக்கிற வீட்டில் உப்புப் பேணி வெறுமையாக இருக்கக்கூடாது என்று அவள் ஒரே பிடிவாதமாக நின்றாளாம். உப்புப் பட்டால் பழைய தகரம் துருப்பிடித்துவிடும் என்று பொறுப்பாளர் மறுத்திருக்கிறார். அடுத்த வேலை நாளில் அவள் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலோடு போயிருக்கிறாள். அதற்குமேல் அவருக்கு மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை உப்பை மாற்றுவாள். ஈரம் பிடித்த பழைய உப்பைக் குளிர்காலத்தில் வாசற்படிப் பனியில் தூவிவிடுவாள்.

“சுகமில்லை என்று வேலையை விட்டுப் போன நாளில், தான் திரும்பி வரும்வரைக்கும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் இன்னும் நாங்கள் மாற்றிக்கொண்டிருக்கிறோம்” என்றார்.

எனக்கு இந்த இடத்தைச் சுற்றிக் காட்டுகிறீர்களா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று. நான் பென்சன் எடுத்த பிறகு அவள் தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டப்போவதாகச் சொல்லி, இந்த வேலையை வேறு யாரும் செய்யக்கூடாது என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கி வைத்திருந்தாளாம். முதலில் தன் வீடு, பிறகுதான் உலை என்று ஒழுங்குகூடப் போட்டிருந்தாள். பென்சனுக்கு எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அந்தப் பெண்மணி பின்னறைக்குப் போய் ஒரு உப்புப் பைக்கற்றோடு வந்து, கயிற்றைத் தானே அவிழ்த்துவிட்டார். “இந்த மாதம் நீங்கள் போடுங்கள்” என்றார். பழையதை வெளியே எடுத்துவிட்டுப் புதிய உப்பைப் போடும்போது மேசையில் கொஞ்சம் கொட்டிவிட்டேன். கொட்டியதைத் துடைக்க அவர் ஒரு துணியை நீட்டினார். அவள் அலுமாரியில் மடித்து வைத்துப் போன துணி என்றார். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகளோடு கதைத்தேன். “எங்கயப்பா போனீங்கள்?” என்றாள்.

“அம்மான்ர வீட்டுக்கு” என்றேன். “அடுத்தமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றாள்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஓட்டையில்லாத காலுறையோடு உள்ளே போய் உப்பை மாற்றுகிறேன். உலைப் பக்கம் இன்னும் போகவில்லை, அதைக் காட்ட வேண்டிய ஆள் வரவில்லை. அந்தக் குசினியில் நிற்கும்போதெல்லாம் நினைக்கிறேன்: அவள் என்னிடம் கேட்டது ஐந்து நிமிடம்தான், அதைக் கொடுக்க எனக்குப் பதினொரு வருடம் இருந்தது.