சார், வருது சார்!

பெரியப்பா கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஆனால் அவரைக் கேட்டால் பூப்பந்து ஆட்டக்காரர் என்றுதான் சொல்வார்; பள்ளிக்கூடம் போனதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்காக. கல்லூரிக்கும் மாவட்டத்துக்கும் ஆடி வாங்கிய கோப்பைகள் ஷோகேஸ் நிறைய இருந்தன. பெரியம்மா ஒன்றில் சேஃப்டி பின்னும் இன்னொன்றில் கரண்ட் பில்லும் போட்டு வைத்திருந்தாள். அறுபத்தெட்டு வயதிலும் சாயங்காலம் ஐந்தானால் வெள்ளை அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டோடு கிளம்பிவிடுவார். பெரியம்மா தினமும் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆடுகளம் செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. பௌர்ணமியன்று அங்கே கிரிவலத்துக்கு வந்த வெளியூர் வேன்கள் நிற்கும், ஆட்டம் கிடையாது. மற்ற நாட்களில் வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். மெடிக்கல் ஷாப், தாலுகா ஆபீஸ், லாரி செட் என்று ஆளுக்கொரு பிழைப்பு. பெரியப்பாவைத் தவிர அத்தனை பேரும் அவரிடம் படித்து, காதில் திருகு வாங்கியவர்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. சாக்பீஸால் காம்பவுண்டு சுவரில் பாயிண்டு எழுதுவது என் வேலை. அந்தப் பதவியால் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பெரியப்பாவின் அணி தோற்று நான் பார்த்ததில்லை. மஞ்சள் கம்பளிப் பந்தை அவர் பக்கம் அனுப்பும்போது எதிரே இருப்பவர்கள், "சார், வருது சார்" என்று குரல் கொடுப்பார்கள். பந்தும் நிதானமாக எழும்பி அவர் பேட்டின் மேலேயே வந்து இறங்கும். அப்படிச் சொல்லிவிட்டு அடிப்பது ஆட்டத்தின் சட்டம் என்று நான் நம்பினேன். வகுப்பு வாசலில் "உள்ள வரலாமா சார்" என்று கேட்கிற பழக்கம் விடவில்லை போலும் என்று பெரியப்பா நினைத்திருப்பார்.

ஒரு நாள் மெடிக்கல் ஷாப்காரருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக எதிரணியில் ஒரு புது ஆள் இறங்கினார். விழுப்புரத்திலிருந்து பேங்க் வேலைக்கு மாற்றலாகி வந்த இளைஞர், பெரியப்பாவின் காதுத் திருகு அறியாதவர். அவர் அடித்த முதல் பந்து பெரியப்பாவின் காலடியில் விழுந்தது. இரண்டாவது தோளில் பட்டது. மூன்றாவதை எட்டி அடிக்கப் போய்ப் பெரியப்பா தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தார்கள். புது ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. சாக்பீஸும் கையுமாக உள்ளே ஓடினேன்.

"அங்கிள், நீங்க தப்பாட்டம் ஆடுறீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி 'சார், வருது'ன்னு சொல்லணும். பெரியப்பாவுக்கு மெதுவாதான் போடணும். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. அதான் ரூலு."

ஒருவரும் சிரிக்கவில்லை. லாரி செட்காரர் குனிந்து, நன்றாகவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார். பெரியப்பா தரையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அப்படியாடா?"

லாரி செட்காரர் அடுத்த ஷூவுக்குப் போனார்.

"எத்தினி நாளா?"

"சார்... அது வந்து சார்..." என்றார் தாலுகா ஆபீஸ்காரர்.

எல்லோருக்கும் அடி விழப்போகிறது என்று நான் பயந்தேன். பெரியப்பா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "இனிமே எவனாவது வருதுன்னு சொன்னான், பேட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்." பிறகு புது ஆளைப் பார்த்து, "நீ போடு தம்பி. இன்னும் ஜாஸ்தியாவே போடு" என்றார்.

அதன்பின் பந்துகள் பறந்தன. பெரியப்பா விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எதிரணிக்குப் பாயிண்டு எழுதினேன். நடுவில் ஒரே ஒரு முறை, பின்மூலைக்கு வேகமாகப் போன பந்தைப் பெரியப்பா பாதி திரும்பி, புறங்கையால் தட்டி, வலையை ஒட்டி அந்தப் பக்கம் இறக்கினார். புது ஆள் விழுந்து புரண்டும் எடுக்க முடியவில்லை. பழைய மாணவர்களுக்குக் கைதட்டக்கூடப் பயம். புது ஆள் மட்டும் மண்ணில் கிடந்தபடியே "சூப்பர் சார்!" என்றார்.

இருபத்தொன்பதுக்குப் பதினொன்று என்று தோற்றோம். என் வாயால்தான் தோற்றோம் என்று பெரியப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதேன். பெரியப்பா டீக்கடையில் நிறுத்தி எனக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, டீ மாஸ்டரிடம் அந்த ஒரு பந்தைப் பற்றிச் சொன்னார். வீட்டில் பெரியம்மாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, எப்படித் திரும்பினார் என்று ஆடியே காட்டினார்.

"ஆனா தோத்துட்டோம் பெரியம்மா" என்றேன் நான்.

"ஆமா, தோத்துட்டோம்!" என்றார் பெரியப்பா, பரிசு வாங்கி வந்தவர் குரலில்.

போன வருடம் அவர் காலமாகும்வரை, கோப்பைகளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஒரு பந்தைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதை யாரும் அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பது இன்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று, தோற்றுப்போன மனிதர் கூடுதலாக இரண்டு தோசை கேட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, விழுந்ததில் பெரியப்பாவுக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.