காற்றுக் குமிழியும் தொப்பூர் ஏற்றமும்

என் வலக் கண்ணுக்குள் காற்றடித்து அனுப்பிவிட்டார்கள். இறந்துபோன யாரோ ஒருவர் தந்த கருவிழியிலிருந்து மெல்லிய சவ்வு ஒன்றை எடுத்து உள்ளே வைத்திருந்தார் சேலத்து டாக்டரம்மா. அதைத் தைக்கவில்லை. காற்றுக் குமிழிதான் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு நான் மல்லாந்து கிடக்க வேண்டும். நழுவினால் மறுபடி காற்றடிப்பார்கள். அப்போதும் ஒட்டாவிட்டால் இன்னொருவர் கண்ணுக்குக் காத்திருக்க வேண்டும். இடக் கண் சின்ன வயதிலேயே முள் குத்திப் போனது. மிச்சம் இது ஒன்றுதான்.

"பஞ்சர் கடையில ஒட்டுனதைத் தண்ணியில முக்கிப் பாப்பாங்களே, இதுக்கு அது கெடையாதுங்களா?" என்று கேட்டேன்.

"கண்ணுல தண்ணியே படக் கூடாது. வாயையும் கொஞ்சம் மூடி வைங்க" என்றார் டாக்டரம்மா. "அப்புறம், ப்ளைட்ல போயிராதீங்க. உசரத்துக்குப் போனா காத்து விரியும்."

"எங்க காரிமங்கலத்துக்கு இன்னும் ப்ளைட் விடலீங்க."

நர்சுகள் சிரித்தார்கள். நான் பெருமையோடு ஸ்ட்ரெச்சரில் போனேன்.

அந்தப் பெருமை வழியிலிருக்கும் தொப்பூர் மலை வரைக்கும்தான். ஆம்னி வேனின் சீட்டை மடக்கி, மெத்தை போட்டு என்னைக் கிடத்தியிருந்தார்கள். வலக் கண்ணில் கட்டு, இடக் கண்ணில் வெறும் வெளிச்சம். வண்டி உறுமிக்கொண்டு ஏறத் தொடங்கியதும் டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இதுவும் உயரம்தானே?

"ஏய், எவ்ளோ உசரம் ஏறியிருக்கோம்?"

"எப்பவும் ஏறுற உசரந்தான். சும்மா கெடங்க" என்றாள் மனைவி.

"காத்து விரியுதா பாரு."

"நான் என்னா மீட்டரா வச்சிருக்கேன்?"

முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் களுக்கென்று சிரித்தார். அடுத்த வளைவில் வண்டி நின்றது. மேலே ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். டிரைவர் பார்க்க இறங்கிப் போனார். தகரக் கூரை அடுப்பாகக் காய்ந்தது. மனைவி பின்கதவைத் தூக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனாள். ஓடவும் முடியாது, உருளவும் முடியாது. லாரிப் புகை மூக்கில் ஏறியது.

தும்மல் வந்தது.

அழுத்தமாகத் தும்மக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூக்கைச் சுருக்கினேன், மூச்சை அடக்கினேன், தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். அப்போது கால்மாட்டில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அடக் கடவுளே... சின்ன வயசுதான் போல" என்றது ஒரு ஆண் குரல். தண்ணீரோடு திரும்பி வந்த என் மனைவியிடம், "எந்த ஊருக்குங்க கொண்டு போறீங்க?"

"காரிமங்கலம் பக்கங்க."

"எப்படிங்க ஆச்சு?"

"கண்ணுதாங்க."

"கண்ணுலயா உசுரு போச்சு!"

அதற்குமேல் தாங்கவில்லை. தும்மினேன். வேனே குலுங்கியது. "ஐயோ!" என்று அலறிய அந்த மனிதர் பின்னால் நின்ற பைக்கின் மேல் விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிணம் என்று நினைத்து வந்தவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

"போச்சா? நழுவிருச்சா?" என்று புலம்பினேன். ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு அழுகை முட்டியது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்பதால் அதையும் விழுங்கினேன். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அசையாமல் கிடக்கச் சொல்லுங்கள், காலையில் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

விழுந்த மனிதர் தன் துண்டை நனைத்து, ஒட்டப் பிழிந்து என் நெற்றியில் வைத்தார். "ஒண்ணும் ஆவாதுங்க. நான் வேற, வந்ததும் வராததுமா சாவடிச்சிட்டேன்."

மறுநாள் அதே வண்டியில், அதே மலையில் மல்லாந்தபடியே இறங்கினேன். டாக்டரம்மா என்னைக் கண் பார்க்கும் மேசைக் கருவி முன் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, கட்டைப் பிரித்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒட்டியிருக்கு. துளிகூட அசையல" என்றார்.

அசையாதது அது மட்டும்தான். என் முழங்கால் இரண்டும் ஆடிய ஆட்டத்தில் மேசைக் கருவியே கடகடத்தது. மனைவி இரண்டு கையாலும் அவற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் மல்லாந்தே படுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

சரிங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.