இரண்டு துண்டாய் ஒரு மலைப்பாதை

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. அதற்குமுன் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததெல்லாம் அளவெடுக்க மட்டும்தான். வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது அவள் தொழில். பெரிய சாலையில் பஞ்சர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவே அவள் பட்டறை. சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், பரண் முழுக்க ஃபோம், தடித்த ஊசி போட்ட மெஷின், நடுவில் ஆள் படுக்கலாம் போல ஒரு வெட்டுமேசை. கிழிந்த சீட்டைப் பார்த்ததுமே, "இவரு கைய ஊனித்தான் எறங்குவாரு, அதான் இந்த ஓரம் மட்டும் போயிருக்கு" என்பாள். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

அவள் வீட்டுக்காரர், என் மாமா, பஸ் டிரைவர். சர்வீஸ் முழுக்க ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட சக்கரம் ஏற்றாதவர். அதைத் தானே பத்துப் பேரிடம் சொல்லிக்கொள்ளவும் தயங்காதவர்.

எங்கள் ஊருக்குப் பின்னால் தெரிகிற மலை முழுவதும் தேசியப் பூங்கா. அதை ஊடுருவி ஒரே ஒரு சாலை மறுபக்கச் சமவெளிக்குப் போகிறது; இரண்டு முனையிலும் பூங்காவின் கேட். கீழ்ப்பாதி அடர்ந்த காடு, மேல்பாதி கணவாய். "உன்ன ஒரு நாளு அந்தப் பக்கத்துக் கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்று கல்யாணமான புதிதில் மாமா அக்காவிடம் சொல்லியிருந்தார். சொன்னதோடு சரி. அவர் மனசில் குறையில்லை, அந்தச் சாலை அப்படி. குளிர்காலம் வந்தால் கணவாயைப் பனி மூடிவிடும். பனியை வெட்டி வழி திறக்க மே மாதம் பாதி போய்விடும். ஜூன் பிறந்ததும் மான்கள் குட்டி போடுகிற காலம் என்று கீழ்ப்பாதியை மூடிவிடுவார்கள். அது திறந்த கையோடு காட்டுத்தீ பயம், மறுபடியும் தடை. அதற்குள் மேலே பனி. முழுச் சாலையும் திறந்திருப்பது மே கடைசியில் கொஞ்ச நாள்தான். அதுவோ பள்ளிக்கூட விடுமுறைக் காலம். பஸ் டிரைவருக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

ரிட்டயர் ஆகட்டும் என்று இருந்தவருக்கு அதற்கு முன்பே கண் காலை வாரிவிட்டது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் நிற்பவர் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா சாவியை டிப்போவில் கொடுத்துவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். தெருவில் போகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டுக் குறை சொல்வதே அவருக்கு வேலையாகிவிட்டது.

அவருக்குத் தெரியாமல் அக்கா நேராகப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

விஷயம் தெரிந்ததும் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீட்டுல ஒரு டிரைவர வச்சுக்கிட்டு வெளிய போய் கத்துக்கணுமா?"

"உங்ககிட்ட கத்துக்கலாங்க. ஆனா நீங்க கத்துறதுல எனக்குக் காது போயிரும். உங்களுக்குக் கண்ணு, எனக்குக் காதா? ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்."

மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

லைசென்ஸ் கைக்கு வந்தது. பழைய சின்னக் கார் ஒன்று வாசலுக்கு வந்தது. அதற்கு முதல் வேலையாகப் புது சீட் கவர் தைத்துப் போட்டாள். மாமா உட்காரும் பக்கம் மட்டும் ஃபோம் கூடுதல். பிப்ரவரியிலிருந்தே ஒவ்வொரு திங்கட்கிழமையும் பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட ஆரம்பித்தாள். பனி எவ்வளவு, வெட்டும் இயந்திரம் ஏறிவிட்டதா, மான்கள் இறங்கத் தொடங்கிவிட்டனவா. போனை எடுக்கும் காவலர் கொஞ்ச நாளில் இவள் குரலைக் கேட்டதுமே, "அக்கா, இன்னும் ஏறலக்கா" என்று பதில் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்.

அந்த வருஷம் பனி பிந்திப் பெய்தது. மே நடுவில் கணவாய்க்குக் கீழே மண்ணும் சரிந்தது. அக்கா போன் பேசி முடித்தபோது நானும் பட்டறையில்தான் இருந்தேன். மருந்துக் கடை வேலை முடிந்ததும் எனக்குப் போக்கிடம் அதுதான்.

"மேல் ரோடு ஜூன்லதான் தொறப்பாங்களாம். கீழ் ரோட்ட ஒண்ணாந்தேதி மூடிருவாங்களாம்" என்றாள்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "விடும்மா. மலை எங்க ஓடிப் போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் பார்வை மாதத்துக்கு மாதம் குறுகிக்கொண்டிருந்தது மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா வெட்டுமேசையிலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு மலை மேப்பை விரித்தாள். மூலைக்கு ஒரு கத்தரிக்கோல் வைத்தாள். தையல் சாக்பீஸை எடுத்து எங்கள் பக்கக் கேட்டிலிருந்து காட்டுப் பாதையில் ஒரு கோடு இழுத்து, நடுவில் இரண்டு பாதியையும் பிரிக்கும் தடுப்புக் கம்பம் இருக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை இதுவரைக்கும் போறோம். தடுப்பத் தொட்டுட்டுத் திரும்பி வர்றோம்." பிறகு மலையைச் சுற்றி வரும் சமவெளி நெடுஞ்சாலை மேல் கோட்டை இழுத்தாள். "ஜூன்ல மேல தொறந்ததும் இப்படிச் சுத்தி அந்தப் பக்கக் கேட்டுக்குப் போயி, அங்கருந்து கணவாய் ஏறி, இதே தடுப்புக்கு மேலருந்து எறங்கி வர்றோம். ரோடு முழுசா முடிஞ்சுது."

"ஒரு ரோட்டுக்கு ரெண்டு பயணமா?" என்றார் மாமா.

"துணி பத்தலைன்னா தைக்காமலா விட்டுருவேன்? ரெண்டு துண்டா வெட்டி ஒட்டுப் போடுவேன். தச்சு முடிச்சப்புறம் எங்க ஒட்டுன்னு யாராவது கண்டுபிடிங்க பாப்போம்."

மாமா குனிந்து, முகத்தை மேப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே முழுதும் போய்வந்தார்.

முதல் துண்டு சுலபமாக முடிந்தது. காட்டுப் பாதையில் அக்கா நிதானமாக ஓட்டினாள். மாமாதான் ஓட்டாமலே களைத்துப்போனார். வளைவு வரும்போதெல்லாம் அவர் கால் தரைவிரிப்பில் இல்லாத பிரேக்கை மிதித்தது. "கிளட்ச், கிளட்ச்" என்று முணுமுணுத்தார். சினை மான்கள் சாலையைக் கடந்தபோது அக்கா எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். தடுப்புக் கம்பத்தருகே நின்ற காவலர் அவள் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"திங்கட்கெழமை அக்கா நீங்கதானா?"

"நானேதான் தம்பி. மிச்சப் பாதிக்கு மேல் பக்கமா வருவேன். வழிய மட்டும் தொறந்து வைங்க."

ஜூன் இரண்டாம் வாரம் கணவாய் திறந்தது. இருட்டோடு கிளம்பி, மலையைச் சுற்றி மறுபக்கக் கேட்டைச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. கடைசியில் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட பனி, காரை விட உயரமாகச் சுவர் மாதிரி நின்றது. நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் பாதை.

அங்கேதான் எதிரே பஸ் வந்தது. இறங்குகிற பஸ், அதன் பின்னால் வரிசையாக வேன்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், ஆனால் அந்தக் கூட்டம் எப்படிப் பின்னால் போகும்? ஒதுங்குவதற்கான அகலமான இடம் எங்களுக்குப் பின்னால், ஒரு வளைவுக்கும் கீழே இருந்தது.

பின் சீட்டில் நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். மாமா வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ரிவர்ஸ் கியர் போட்டு, ஒரு கண்ணாடியையும் மறு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அக்கா காரைப் பின்னால் இறக்க ஆரம்பித்தாள். பனிச் சுவர் என் ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் நகர்ந்தது. வளைவில் ஒருமுறை நின்றாள். கொஞ்சம் முன்னால் எடுத்தாள். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு மறுபடி இறக்கினாள். மெஷினில் மூலை திருப்பும்போது ஊசியைத் துணியிலேயே வைத்துவிட்டுத் துணியை மட்டும் திருப்புவாளே, அந்த அவசரமில்லாத முகம்தான் அப்போதும். ஒரு கீறல் இல்லாமல் கார் அந்த அகலமான இடத்தில் போய் நின்றது. மாமாவின் கால் ஒரு தடவைகூடத் தரையை மிதிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பஸ் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "நல்லா எடுத்தீங்கம்மா. எத்தன வருஷ சர்வீஸ்?" என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா பதில் சொன்னார். "லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகல. என் சம்சாரம். நானும் உங்க ஆளுதான், பஸ்ஸு. ஆனா இந்த எடத்துல நானா இருந்தா சுவத்துல தேச்சிருப்பேன்."

தேய்த்திருக்க மாட்டார். அது அக்காவுக்கும் தெரியும். அவள் முகம் காது வரை சிவந்துவிட்டது.

கணவாய் உச்சியில் இறங்கினோம். காற்று ஆளைத் தள்ளியது. மாமா நேரே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பின்னால் போய் அவர் தோள்களைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். முதலில் நாங்கள் வந்த சமவெளி. கொஞ்சம் திருப்பினால் பனிச் சிகரங்கள். இன்னும் கொஞ்சம், கீழே பச்சைக் காடு. இன்னும் கொஞ்சம், வெகு தூரத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் தொட்டி வெள்ளைப் புள்ளியாக. ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்றார். ஒரு சுற்று முடிந்ததும், "இன்னொரு தடவ சுத்தும்மா" என்றார். அவள் சுற்றினாள்.

அதன்பின் தடுப்புக் கம்பம் வரை இறங்கி, மேல் பக்கத்திலிருந்து அதைத் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினோம். வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். கிளட்ச் என்ற சொல் மட்டும் வரவில்லை.

மறுநாள் அவர் தானாகவே டிப்போவுக்குக் கிளம்பினார். வேலையை விட்ட பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். துணைக்கு நான் போனேன். பழைய கூட்டாளிகள் டீ கிளாஸோடு சூழ்ந்துகொள்ள, மாமா கதையை எடுத்துவிட்டார். அவர் சொல்லச் சொல்லப் பனிச் சுவர் இரண்டு மாடி உயரமானது, பின்னால் நின்ற வேன்கள் பெருகின. நான் திருத்தவில்லை.

"அதெல்லாம் சரிண்ணே, அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணீங்க?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார்.

"நானா?" மாமா டீயை ஒரு வாய் குடித்தார். "நல்ல சீட்டு, நல்ல டிரைவரு. நான் உக்காந்து பாத்துட்டு வந்தேன்."