அக்காவின் இலையில் மைசூர்பாகு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் எங்கள் அக்காவிடம் ஒருமுறையாவது கேலி வாங்கியிருப்பீர்கள். அழுதுகொண்டே எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. தங்கையாகிய நான் சிரித்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

அக்கா ஹனூரில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவுக்குக் கட்டட வேலை கிடைத்ததும் மைசூர் அக்ரஹாரத்துக்குக் குடிவந்தோம். அப்பாவின் வாய்த்துடுக்கு அக்காவுக்கு அப்படியே வந்திருந்தது. கூடவே அப்பாவின் நோயும் வந்தது. விருந்தில் சோறும் இனிப்பும் கொஞ்சம் கூடினால் போதும், மறுநாள் காலை கைகால் அசையாது. பேச்சும் சிரிப்பும் மட்டும் குறையாது. மதியத்துக்குள் எழுந்துவிடுவார். ஊரில் காத்துக்கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதால் வருவது, பரம்பரை நோய் என்று மைசூர் டாக்டர்தான் சொன்னார். மருந்து கொடுத்து, இனிப்பைத் தொடக்கூடாது என்றார். மைசூர்பாகு என்றால் அக்காவுக்கு உயிர். டாக்டரை அன்று முழுக்கத் திட்டினார்.

வரன் வந்தபோது அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நீ வாயைத் திறக்காத" என்றார்.

"அந்த ஆயிரத்துல இது வேண்டாம்மா" என்றார் அக்கா.

பெண் பார்க்க வந்தவர்கள் மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார்கள். அக்கா சபையில் உட்கார்ந்து, அம்மா கிள்ளக் கிள்ள, ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "நான் நடக்கறதைப் பாத்துட்டீங்க. நாளைக்குக் காலைல வந்து படுத்திருக்கறதையும் பாத்துட்டு முடிவு சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மொபெட் சத்தம் கேட்டதும் அம்மா கதவைப் பாதி திறந்து, "புள்ளைக்குக் காய்ச்சலுங்க" என்றார்.

"காய்ச்சல் இல்லீங்க, உள்ள வாங்க" என்று அக்கா கட்டிலிலிருந்தே கூப்பிட்டார்.

மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவே, "மூக்கு மேல ஈ உக்காந்திருக்குது. ஓட்டி விடுங்க" என்றார். ஓட்டினார். அது திரும்பி வந்தது. மறுபடியும் ஓட்டினார். அக்காவின் விரல்கள் அசையும்வரை அந்த வேலையைப் பார்த்துவிட்டு, எழுந்து அப்பாவிடம், "தேதி பாத்துருங்க" என்றார். அன்று முதல் அவர் எங்கள் மாமா.

மாமா நஞ்சன்கூடு பேக்டரிக்குப் போக, அக்கா வீட்டு முன்னறையில் எஸ்.டி.டி. பூத் நடத்தினார். முடியாத காலைகளில் உள்ளே படுத்தபடியே, மேஸ்திரிகளுக்கு அவர்கள் ஊர் நம்பர்களை மனப்பாடமாகச் சொல்வார். "பொண்டாட்டிகிட்ட சிரிச்சுப் பேசுங்க, காசு ஒண்ணும் கூட ஆவாது" என்று புத்திமதியும் சொல்வார்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை முற்றி அக்கா போய்விட்டார். ஆஸ்பத்திரியிலும், "என் கைகாலைக் குத்தம் சொல்லாதீங்க, இது வேற" என்று டாக்டரிடம் வாதாடினார். அவர் இல்லாத வீட்டில் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், எந்நேரமும் ஆட்டோ கொண்டுவந்த அண்ணனுக்கும், அக்ரஹாரத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் படையலில் அக்காவின் இலை நிறைய மாமா மைசூர்பாகு வைத்தார். "சாப்புடு புள்ள. காலைல எந்திரிக்கற கவலை இனி இல்ல" என்றார். பிறகு இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.