பண்ணை வீட்டுக்கு வந்த கேஸ் பெர்மிட்

1936-இல் விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமமான காணையில் கேஸ் குழாய் பூட்டத் தெரிந்தவர் சவுரிராயன் ஒருவர்தான். விழுப்புரம் ரயில் கொட்டகையில் குழாய் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கினார். அதுவும் பாதி நாள் கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் பண்ணையார் விருத்தாசலத்துக்கு மெட்ராஸ் பங்களா போலத் தம் வீட்டிலும் கேஸ் விளக்கு எரிய வேண்டும் என்ற ஆசை பிடித்தது. இரும்புப் பீப்பாயில் போட்ட கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் கேஸ் கிளம்பும். அதைக் குழாயில் கொண்டுபோய் அறைக்கு அறை விளக்கேற்றலாம். நெருப்புப் பட்டால் வெடிக்கிற சாமான் என்பதால் சர்க்கார் ஆபீசர் வந்து பார்த்துப் பெர்மிட் தர வேண்டும். கேஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் அடுப்பெரியும் வீடு இருக்கக் கூடாது.

பண்ணையாருக்கு உயிர் வெல்லம். பீப்பாயைத் தம் வீட்டிலிருந்து தள்ளி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அங்கே ஒரு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சேரியின் முதல் வீடு, சவுரிராயனுடையது. மனை பண்ணையாருடையது.

“ஆபீசர் வர்ற அன்னிக்கி உன் வூட்ல அடுப்பு எரியக் கூடாதுடா. பெர்மிட் கெடச்சா குழாய் வேலை உனக்கு. இல்லன்னா கழனிப் பக்கமே வராத” என்றார்.

சவுரிராயன் மனைவி இருதயமேரியிடம் சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனால் அன்றைக்கென்று மகள் ஜெயத்துக்குக் காய்ச்சல். குழந்தை கஞ்சி கேட்டு அழுதாள். பெற்றவள் என்ன செய்வாள்? அடுப்பை மூட்டினார்.

திண்டிவனத்திலிருந்து வந்த ஆபீசர் சுவருக்கு மேலே புகையைப் பார்த்துவிட்டார்.

“அங்க வீடு இருக்கா?”

“குப்பை எரியுதுங்க” என்றார் பண்ணையார்.

ஆபீசர், பண்ணையாருக்குப் பின்னால் நின்ற சவுரிராயன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. வீடா, குப்பையா?”

எனக்கு இந்த ஆபீசர் மேல்தான் ஆத்திரம். நாலு எட்டு வைத்துச் சுவரை எட்டிப் பார்த்திருக்கலாம். சேரிப் பக்கம் போக மனம் வராமல் சேரிக்காரர் வாயைப் பிடுங்கினார்.

“குப்பைதாங்க” என்றார் சவுரிராயன்.

பெர்மிட் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவருக்கு இருதயமேரி கூழ் ஊற்றி வைத்தார். “குப்பையில வெந்த கூழு. குடி.”

சுவருக்குப் பின்னால் நின்று இருதயமேரி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சவுரிராயன் கூழைத் தள்ளி வைத்தார். பீப்பாய் வெடித்தால் முதலில் போவது ஜெயம்தான் என்ற பயம் வேறு. மறுநாள் ரயிலேறித் திண்டிவனம் போனார்.

“அது குப்பை இல்லீங்க, என் வூடு. கொழந்த இருக்குதுங்க.”

“நேத்து குப்பைன்னு சொன்னது நீதானே? அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றார் ஆபீசர்.

தவளை தன் வாயால் கெட்டது. பெர்மிட்டை ரத்து செய்தால், சுவரை எட்டிப் பார்க்காத குற்றம் ஆபீசர் தலையில் விழும். அவர் பண்ணையாருக்குச் சொல்லி அனுப்பினார். பண்ணையார் ஆட்களை அனுப்பினார். பெர்மிட்டில் உள்ளபடியே அங்கே வீடு இல்லாமல் செய்தார்கள். குழாய் வேலைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வேறு ஆள் வந்தான்.

கூரையைப் பிரித்துப் போட்டபின், இருதயமேரி கரி பிடித்த மூன்று அடுப்புக் கற்கள் பக்கத்தில் நின்றார்.

“இதுவும் குப்பைதானா? எடுத்துக்கலாமா?” என்று வந்த ஆட்களைக் கேட்டார்.

சவுரிராயன் ஜெயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

“நம்ம அடுப்பு, எடு” என்றார்.