யோகராணி மயோர்க்கா போன வருஷம்

சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் மளிகைக் கடையில் நின்று யோகராணி என்று சொல்லிப் பாருங்கள். புருஷன் செத்து ஒரு வருஷம் முடியுமுன்னே ஸ்பெயினுக்கு டென்னிஸ் ஆடப் போனவள் என்பார்கள். உண்மைதான். நானும் கூடவே போனேன். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் என் கணவர் பார்த்தசாரதி உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறார். காது புளிக்கும் அளவுக்கு இந்தப் பேச்சைக் கேட்டாகிவிட்டது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் கிரிஜா, திருச்சிக்காரி. மென்பொருள் சோதிக்கிற வேலை. வயது ஐம்பத்தாறு, என் முழங்காலைக் கேட்டால் அறுபத்தாறு என்று சொல்லும். பதினொரு வருஷமாக இரட்டையர் ஆட்டத்தில் யோகராணி அக்காதான் என் ஜோடி. நான் அக்கா என்பேன். அவர் யாழ்ப்பாண வழக்கப்படி என்னை 'நீர்' என்பார். முதல் முறை கேட்டபோது ஏதோ அரசவையில் நிற்பது போல இருந்தது. இப்போது வேறு யாராவது 'நீ' என்றால்தான் கோபம் வருகிறது.

எங்கள் கிளப் பெரிய இடமில்லை. நான்கு செயற்கைப் புல் களங்கள், மழைக்கு ஒழுகும் கூரையோடு ஒரு கொட்டகை. புதன்கிழமை காலையில் பெண்கள் ஆடுவோம். நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமே சொல்ல வேண்டும், எதிரே நிற்பவர்கள் அதை நம்ப வேண்டும். யோகராணி அக்கா சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. சந்தேகம் வந்தால் அவர் தனக்கு எதிராகத்தான் சொல்வார். அப்படியே நாங்கள் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. எனக்கு அதில் இன்னமும் வயிற்றெரிச்சல்.

அக்காவுக்கு அறுபது வயது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஆட்களைத் தூக்கி உட்காரவைத்தே பழகிய கை, அதனால் மணிக்கட்டில் அப்படி ஒரு பலம். பந்தை ஓங்கி அடிக்க மாட்டார். அறுத்து விடுவார். அது வலையைத் தாண்டி விழுந்ததும் எழும்பாமல் கிடக்கும். குட்டைப் பாவாடை போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் ஓடிவந்து, எழும்பாத பந்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்பார்கள்.

அவர் கணவர் சிறிதரன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நல்ல மனுஷன். ஒரே குறை, எதைக் கேட்டாலும் அடுத்த வருஷம் என்பார். கடைசி மூன்று வருஷம் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அக்காதான் காரில் கொண்டுபோய் ஐந்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு புதன்கிழமை அவரே சொன்னாராம்: "உதில கதிரையில இருந்து என்ர முகத்தைப் பாத்து என்ன செய்யப்போறீர்? போய் விளையாடிப்போட்டு வாரும்." டயாலிசிஸ் செய்யும் இடத்திலிருந்து எங்கள் கிளப் இரண்டு தெருதான். அன்றிலிருந்து, அவருக்கு ரத்தம் சுத்தமாகிற நேரத்தில் அக்கா இரண்டு செட் ஆடிவிட்டு, வியர்வையோடு போய் அவரைக் கூட்டிவருவார். இது எனக்கு மட்டும் தெரியும். மகன் நிதுஷனுக்குக்கூடத் தெரியாது.

அக்டோபர் இருபத்தோராம் தேதி அவர் போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த புதன்கிழமை அக்கா ராக்கெட்டோடு வந்து நின்றார். நெற்றியில் பொட்டு. அதற்கே ஊர் இரண்டு மாதம் பேசியது. "நான் பொட்டு வைக்கத் தொடங்கினது அவரைக் கட்டின நாளிலயோ? நாலு வயசில இருந்து வைக்கிறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு சர்வீஸ் போட்டார்.

மறு வருஷம் மார்ச்சில் எங்கள் கிளப் செயலாளர் மார்கரெட் ஓர் அறிவிப்புச் செய்தார். அக்டோபரில் ஒரு வாரம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவு. கடலோரத்தில் செம்மண் களங்கள், ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு போட்டி. யார் யார் வருகிறீர்கள்? முதலில் கை தூக்கியது யோகராணி அக்கா. அவர் தூக்கியதால் நானும் தூக்கினேன்.

"ஏன் அக்கா, இவ்வளவு தூரம்?" என்றேன்.

"அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அதுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. டொரோண்டோ போயிருக்கிறார், ஒரு கல்யாணத்துக்கு. லண்டன் போயிருக்கிறார், ஒரு செத்தவீட்டுக்கு. பாரிஸ் போயிருக்கிறார், ஒரு சாமத்திய வீட்டுக்கு, நாங்கள் மஞ்சள் நீராட்டு என்போமே அதற்கு. எங்கே போனாலும் சொந்தக்காரர் வீட்டு சோபாவில் படுக்கை, சொந்தக்காரர் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரிப்பு. பாரிஸில் பத்து நாள் இருந்தும் ஈஃபில் கோபுரத்தைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாராம். அடுத்த முறை கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்றாராம் சிறிதரன்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. ஊரில் யார் வீட்டுத் திதியும் அக்காவைக் கேட்டுத்தான் முடிவாகும். குளிர்சாதனப் பெட்டியில் பஞ்சாங்க நாட்காட்டி எப்போதும் தொங்கும். அப்படிப்பட்டவர் தன் வீட்டு விஷயத்தில் இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொண்டார். மரணச் சான்றிதழ், வங்கி, ஓய்வூதிய நிதி, மின்சாரக் கம்பெனி என்று எத்தனையோ படிவங்களில் அக்டோபர் இருபத்தொன்று, அக்டோபர் இருபத்தொன்று என்று எழுதி எழுதி அதுவே மனதில் பதிந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி திரும்பிவிடலாம், முதல் வருஷத் திவசத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது என்று நினைத்து டிக்கெட் போட்டுவிட்டார். திதி பதினோரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அக்டோபர் பத்து. இறுதி ஆட்டமும் அதே நாள்.

இதைக் கண்டுபிடித்தவர் சிறிதரனின் அண்ணன் தேவராஜா. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதுஷனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பயிற்சிக்கு அக்காவைக் கூப்பிட வந்த நான் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

"யோகம், பத்தாம் திகதி ஆட்டத்திவசம். டிக்கெட்டை மாத்தும்" என்றார் தேவராஜா.

"திகதியில பிழை விட்டது நான்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா மாத்த ஏலாது அத்தான். போட்டி அந்தக் கிழமைதான். திவசம் செய்யிறது மகன். நான் நிண்டே ஆகவேணும் எண்டு ஐயர் சொன்னவரோ?"

ஐயர் அப்படிச் சொல்லவில்லை. தேவராஜா ஊரைச் சொன்னார், உலகத்தைச் சொன்னார், தொண்டையைச் செருமினார். கடைசியில் கேட்டார்: "அப்ப ஆர் சமைக்கிறது?"

"இதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரமும் சுத்தி வளைச்சனீங்களோ?" என்றார் அக்கா. "உங்கட தம்பி. இவன்ர தகப்பன். இரண்டு பேருக்கும் கை கால் சுகமாத்தானே இருக்கு. சமையுங்கோ."

நிதுஷனுக்கு முப்பது வயது. ஸ்ட்ராத்ஃபீல்டில் தனியாக இருக்கிறான். அதுவரை வாய் திறக்காமல் நின்றவன், "இட்ஸ் ஒன் டே, அம்மா" என்றான். "அப்பாவை விட டென்னிஸ் பெரிசா உங்களுக்கு?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே அவனை ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது.

"முப்பத்து நாலு வருசம் அந்த மனுசனைப் பாத்தனான். அதுக்கு மேல நிரூபிக்க என்னட்ட ஒண்டும் இல்லை" என்றார். அவன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை.

காரில் நான் சும்மா இருந்திருக்கலாம். "வேலை விஷயமா டிரெய்னிங் போறேன்னு சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"ஏன் பொய் சொல்லவேணும்? விளையாடத்தான் போறன்."

"சரி, அவரேதான் உங்களை ஆடப் போகச் சொன்னார்னாவது சொல்லுங்க. எல்லார் வாயும் அடைஞ்சிடும்."

அக்கா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு, "ஓம், அடையும். அதுக்காகவே சொல்லமாட்டன்" என்றார். "அவர் அனுமதி குடுத்ததெண்டால் சரி, நானா ஆசைப்பட்டதெண்டால் பிழை, அப்பிடியோ? எனக்கு விளையாட விருப்பம், கிரிஜா. அது காணாதோ?"

போகிற அன்று அவர் குசினியில் ஒரு சமையல் குறிப்பும் எழுதி ஒட்டவில்லை. பருப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. மகனுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினார்: படையல் முடிந்ததும் சொல், அதற்குப் பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

மயோர்க்காவில் வெயில் நம் ஊர் வெயில் மாதிரியே, ஆனால் ஈரமில்லாமல் அடித்தது. செம்மண் ஒட்டிக் காலுறையெல்லாம் செங்கல் நிறம். களத்தின் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கடல். முதல் நாள் மாலை அக்கா விளையாட்டு உடுப்போடேயே இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றார். போதும் வா என்று கூப்பிட யாரும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. செம்மண்ணில் பந்து மெதுவாக வரும், அக்கா அறுத்து விட்டால் செத்தே போகும். மூன்று ஆட்டம் வென்றோம். ஆனால் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அவர் முதலில் எடுத்தது தண்ணீர் போத்தலை அல்ல, போனை. பார்த்துவிட்டுப் பையில் போடுவார். மகன் இனி என்னோடு கதைக்கவே மாட்டானோ என்று ஒரு முறை கேட்டார்.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு இறுதி ஆட்டம். அப்போது சிட்னியில் இரவு ஏழு. மத்தியானமே திவசம் முடிந்திருக்க வேண்டும். செய்தி இல்லை. அக்கா குளித்து, திருநீறு பூசி, வெறுந்தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார். எதிரே இரண்டு டச்சுப் பெண்கள், என்னைவிட ஒரு முழம் உயரம். அவர்களுக்கு ஒரு செட், எங்களுக்கு ஒரு செட். பிறகு டை-பிரேக், முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. எட்டுக்கு எட்டு. சர்வீஸ் என்னுடையது. பந்தைத் தட்டிக்கொண்டிருந்தேன், அக்காவின் பைக்குள் போன் அடித்தது.

அது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நிதுஷனுக்கென்றே அவர் வைத்திருக்கும் மணி அது. அக்காவின் கண் பை மேல் போனது.

"எடுங்க அக்கா. சொல்லிக்கலாம் அவங்ககிட்ட" என்றேன்.

அவர் வலைப் பக்கம் திரும்பி ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டார். "பந்தைப் போடும்."

போட்டேன். வலையில். மறுபடி போட்டேன். மறுபடியும் வலையில். இரண்டு முறை தவறினால் புள்ளி எதிராளிக்கு. தோற்றதற்கு நான் எவ்வளவு காரணம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எட்டுக்கு ஒன்பது. அடுத்த பந்தை டச்சுக்காரி ஓங்கி அடித்தாள். அது அக்காவுக்குப் பின்னால் கடைசிக் கோட்டருகே விழுந்தது. வெளியே என்று நான் கோயிலில் சத்தியம் செய்திருப்பேன். டச்சுக்காரிகளே அய்யோ என்று தலையில் கைவைத்தார்கள். அக்கா நடந்துபோய், குனிந்து, செம்மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழே காட்டினார். உள்ளே. ஆட்டம் முடிந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் கைகொடுத்துவிட்டு வந்து, நிழலில் இருந்த மேசையில் உட்கார்ந்து மகனைக் கூப்பிட்டார். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"அம்மா" என்றான் நிதுஷன். "இப்பத்தான் எல்லாரும் போனவை. கத்தரிக்காய்க் கறி அடிப்பிடிச்சிட்டுது. சோறு குழைஞ்சிட்டுது. பெரியப்பாவும் நானும் விடிய நாலு மணிக்கு எழும்பித் தொடங்கினது, படைக்க இரண்டரை. பாத்திரம் கழுவி முடிய இவ்வளவு நேரம். ஐ டிட்ண்ட் நோ, அம்மா. ஒவ்வொரு முறையும் நீங்கள் தனியவா இதெல்லாம் செய்தனீங்கள்?"

அக்காவுக்குக் கண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. பிறகு, "காகம் எடுத்ததோ?" என்று கேட்டார்.

"காகம் வரேல்லை. ஒரு மக்பைதான் வந்து சாப்பிட்டது." காகத்தின் சாயலில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பறவை அது.

"அப்பாவுக்கு மக்பையைக் கண்ணில காட்டக்கூடாது. ஒருக்கா அவற்ர தலையில கொத்தினது."

அவன் சிரித்தான். அழுகையும் கலந்திருந்தது. "வெண்டனீங்களா?"

"இல்லை. கடைசிப் பந்து கோட்டில பட்டுது. நான்தான் சொன்னனான்."

"கிளாசிக் அம்மா" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "அடுத்த வருசம் திவசத்துக்கு நிப்பீங்களோ எண்டு பெரியப்பா கேட்டுச் சொல்லச் சொன்னவர்."

அக்கா முகத்தைத் துண்டால் துடைத்தார். மார்கரெட் கொண்டுவந்து வைத்த தக்காளி தேய்த்த ரொட்டியைக் கையில் எடுத்தார்.

"நீங்கள் இரண்டு பேரும் சமைக்கிறதெண்டால் நிப்பன் எண்டு சொல்லு" என்றார். சொல்லிவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கினார்.