இரண்டு கல்லும் ஒரு கதவும்

களுவாஞ்சிக்குடித் தபாற்கந்தோரில் முத்திரை விற்கும் மங்கையற்கரசிக்கு, இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாசியில் சுவிசிலிருந்து ஒரு பெட்டி வந்தது. தம்பி வேலன் அனுப்பியிருந்தான். உள்ளே டிவியில் பூட்டி விளையாடும் கருவி, இரண்டு ஜொய்ஸ்டிக், ஒரு சீடி. சீடி உறையில் குடை பிடித்த ஆமையைக் கண்டதும், கந்தோர் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

தாய் இறந்தபின் வேலனை வளர்த்தவள் அவள். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருவரும் கசெட் போட்டு விளையாடிய ஆமை அது. பிறகு அந்த விளையாட்டைச் செய்த கம்பனியே அதைக் கைவிட்டது. சண்டைக்காலத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் வேலனும் நாட்டை விட்டுப் போனான். இப்போது ஆமை புது உருவில் வந்திருந்தது.

"நானும் ஒண்டு வாங்கியிருக்கன் அக்கா. நீங்க அங்க விளையாடுங்க, நான் இங்க விளையாடுறன். ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்" என்று போனில் சொன்னான்.

வேலை விட்டு வந்ததும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்காருவாள். பாயும்போது ஆமை குடையை விரித்து ஒரு கணம் காற்றில் தொங்கும். அது மட்டும் மாறவேயில்லை. விரல்கள் தாமாகவே அதை அறிந்திருந்தன. ஆனால் எரிச்சலுக்கும் குறைவில்லை. புதிதாகச் சேர்த்த கிளியொன்று ஓயாமல் புத்தி சொல்லும். அதன் வாயை மூட வழியில்லை. நான்கு கட்டம் முடித்தால்தான் சேமிக்கலாம். மூன்றாவதில் கரண்ட் போய்விடும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஷெல் விழுந்து யன்னல் அதிரும்போது, இருண்ட டிவிக்கு முன்னால் அப்படியே இருப்பாள்.

அங்கிருந்து ஓடிவந்த சனம் பள்ளிக்கூடங்களில் நிறைந்திருக்க, ஆமையைப் பாய வைப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. என்றாலும் விடவில்லை. ஊர் நிலவரத்தைப் போனில் சொல்லப் பயம். தம்பியோடு கதைக்க ஆமையைத் தவிர வேறு என்ன இருந்தது?

விளையாட்டின் ஐந்தாம் உலகத்தின் முடிவில் ஒரு கதவு. முன்னால் இரண்டு கற்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆள் நின்றால்தான் கதவு திறக்கும். இரண்டாவது ஜொய்ஸ்டிக்கைப் பூட்டினால் இன்னொரு ஆமை வரும். ஒரு ஜொய்ஸ்டிக்கைக் கையிலும் மற்றதைக் கால் விரலிலும் பிடித்துப் பார்த்தாள். இரண்டு ஆமைகளும் தண்ணீரில் விழுந்தன.

"தம்பி, அந்த ரெண்டு கல்லை என்னண்டு தாண்டினாய்?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"அதா? லேசு அக்கா, ஓடிப்போய்ப் பாயுங்க."

"அது ஒராளால ஏலாதே. நீ எத்தினையாம் உலகத்தில நிக்கிறாய்?"

"அக்கா, நான் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. ரெண்டு வேலைக்குப் போறன். வந்து படுக்கத்தான் நேரம். நீங்க சந்தோசமாச் சொன்னீங்க, அதான்..."

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வாரம் கருவியைத் தொடவில்லை. பிறகு எடுத்தபோது ஜொய்ஸ்டிக்கின் பொத்தான் இறுகிக் கிடந்தது. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காத்தான்குடியில் ஹமீட்டின் ரேடியோக் கடைக்குப் போனாள். எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் நரைத்த தாடிக்காரரான ஹமீட் பொத்தானைச் சரிசெய்து, கடை டிவியில் பூட்டிப் பார்த்தார். அவள் சேமித்து வைத்திருந்த கதவடி திரையில் வந்தது.

"இந்தக் கதவைத் திறக்க இன்னொராள் வேணுமே மிஸ்?"

"ஓம் நானா. ஆளில்ல."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு மற்ற ஜொய்ஸ்டிக்கை எடுத்தார். பதினொரு தரம் விழுந்தார். "பாயாதீங்க நானா! நில்லுங்க, சும்மா நில்லுங்க!" என்று கத்தினாள். வீட்டில் அவள் குரல் உயர்ந்து வருடக்கணக்காகியிருந்தது. கதவு திறந்தது. அதற்குள் ஆளில்லாத ஒரு கடற்கரை. பின்னால் வந்த கிளி, நீந்தத் தெரியுமா என்று கேட்டது. ஹமீட் தலையிலடித்துக்கொண்டு தொழுகைக்குப் புறப்பட்டார்.

அந்த ஞாயிறு மங்கையற்கரசி ஆமையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எத்தனை மணிக்கு எழும்புகிறாய், வேலைக்கு எப்படிப் போகிறாய் என்று வேலனைக் கேட்டாள். முதலில் தயங்கினான். பிறகு, விடியமுன் பனியில் பஸ்ஸுக்கு நிற்பதைச் சொல்லத் தொடங்கினான். போன் அட்டையில் காசு முடியும்வரை அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.